ஐஸ் பெட்டியில் தொப்புள்கொடி

பிரசவ ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் குழந்தையைப் பார்க்கத்தான் போவார்கள். குழந்தையை ஒரு எட்டு பார்த்துவிட்டு, கொடியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் என் வேலை.

தொப்புள்கொடியைத்தான் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அதை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, அடையாறில் இருக்கும் ஆராய்ச்சி லேபில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மீதி நேரத்தில் லேபில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். என் மகள் அமலி நடக்க ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். வேலை கஷ்டமில்லை. என் கூச்சம்தான் கஷ்டம். பஸ்ஸில் என் ஸ்டாப்பிங் வந்தால்கூட "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி நடந்து வருகிறவள் நான். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்படி நடந்து வந்திருந்தால், நம்ம அவஸ்தை நமக்குத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் தனியாகக் கேட்கணும்

லேபில் பெரிய டாக்டர் சுபத்ரா மேடம். கொடியிலிருந்து செல் எடுத்து வளர்த்து, கர்ப்பப்பையின் உள்சவ்வு புண்ணாகிப் போன பெண்களுக்கு மருந்து செய்ய முடியுமா என்று பார்க்கிறவர் அவர்தான். கொடி தருகிறவர்கள் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போதே சம்மதக் கையெழுத்து போட்டுவிடுவார்கள். அப்புறம் நான் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மேடம் விடவில்லை. பிள்ளை பிறந்த பிறகு, பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், இன்னொரு தடவை வாயால் கேட்கணும் என்றார். "கையெழுத்து போட்டப்போ அவ கர்ப்பிணி. இப்போ அவ அம்மா. அம்மாகிட்ட தனியா கேக்கணும். வேணாம்னு சொன்னா சிரிச்ச முகத்தோட பெட்டியைக் காலி பண்ணிட்டு வா." இந்த மாதிரி ஒரு சட்டம் எழுத எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, கேட்க வேண்டிய வரியை எழுதி மனப்பாடம் பண்ண உட்கார்ந்தேன்.

முதல் நாள். சிந்தாதிரிப்பேட்டைப் பெண் ஒருத்தி, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். முன்னாடி எழுதி மனப்பாடம் பண்ணியிருந்த வரியில் ஒரு எழுத்துகூட வாயில் வரவில்லை. துப்பட்டா நனைந்துவிட்டது. அந்தப் பெண்ணே என் கழுத்தில் தொங்கிய அட்டையையும் கையில் இருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "இன்னாம்மா, புள்ள பெத்தவ நானு. நீ ஏன் இப்டி வேர்த்துக்கினு நிக்கிற?"

வாசனை இல்லாத மீன்

நான் சாந்தோம் கரையோரக் குப்பத்துக்காரி. எங்கள் பக்கத்துப் பெண் கையில் ஐஸ் பெட்டி இருந்தால் உலகமே அதில் மீன் என்றுதான் நினைக்கும். ஒருநாள் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடையாறுக்குப் போகிறேன். பட்டினப்பாக்கத்தில் குமாரி அக்கா கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தி, கூடையோடு ஏறினாள். எங்கள் தெருதான். மீன் விற்கிறவள். அவள் குரல் ஒரு தெருவுக்கு முன்னாடி வரும், ஆள் பின்னாடி வருவாள்.

ஆட்டோ அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, பொட்டில வஞ்சிரமா? வூட்டுக்கு ரெண்டு துண்டு குடேன்." நான் பெட்டியை இழுத்து அணைத்துக்கொண்டேன். குமாரி அக்கா குனிந்து, பெட்டி மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். இருபது அடி தள்ளி நின்றே மீன் எந்தக் கரையில் வந்தது என்று சொல்லக்கூடிய மூக்கு அது. நிமிர்ந்தாள். முகம் மாறியிருந்தது. என் காதில் மெதுவாக, "இது இன்னாடி?" என்றாள். நானும் மெதுவாகச் சொன்னேன். கொடி. எதுக்கு என்றாள். கர்ப்பப்பை உள்ளே புண்ணாகி ஒட்டிக்கொண்டவர்களுக்கு, மாசா மாசம் வருகிற டேட் நின்று போனவர்களுக்கு, மருந்து கண்டுபிடிக்க என்றேன். குமாரி அக்கா அடையாறு பாலம் தாண்டும் வரை வாயே திறக்கவில்லை. ஆட்டோ அண்ணனுக்கு அதுதான் ஆச்சரியம். நான் இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "இந்தம்மாவ கம்முனு ஆக்குற மீன நான் இதுவரிக்கும் பாத்ததே இல்ல தங்கச்சி."

முதல் குடம்

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியபோது குமாரி அக்கா என் வாசலில் குந்தியிருந்தாள். அமலியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலையில் பேன் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு கரு தங்கி, கலைந்துவிட்டது. மிச்சம் உள்ளே தங்கிவிட்டது என்று சுத்தம் பண்ணினார்கள். அதற்கப்புறம் டேட் வரவே இல்லை. முதல் மாசம் வராதபோது மாமியார் சந்தோஷத்தில் மாங்காய் வாங்கிக்கொண்டு வந்தாராம். அடுத்தடுத்த மாசமும் வராதபோதுதான் டாக்டரிடம் போனார்கள். உள்சவ்வு தழும்பாகி, சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டது என்று சொன்னார்கள். பிரித்துவிட்டுப் பார்த்தார்கள், மறுபடியும் ஒட்டிக்கொண்டது. குப்பத்தில் இது யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், குமாரி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறாள், ஆடி மாசம் மயிலாப்பூர் அம்மனுக்குப் பால்குடம் எடுக்கும்போது கடைசி நேரத்தில் "எனக்கு முடியாது" என்று பின்வாங்காத ஒரே பெண் அவள்தான் என்பதுதான். மற்ற பெண்களெல்லாம் காலண்டரில் விரல் வைத்து நாள் எண்ணிக்கொண்டிருக்க, முதல் குடம் ஒவ்வொரு வருஷமும் குமாரிக்கு. பெரிய மரியாதை. மாலை, மேளம் எல்லாம் உண்டு.

நான் இதுவரை அந்த ஊர்வலத்தைப் பார்த்து, குமாரி அக்காவுக்கு என்ன ஒரு கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அவள் அமலியை இறக்கிவிட்டு எழுந்தாள். "நாள் பாக்காம கொடம் எடுக்குறவ இந்தக் குப்பத்துலயே நான் ஒருத்திதான். அந்தப் பெரும எனுக்கு வேணாம்டி. அந்த மருந்து எனுக்கு ஆவுமான்னு உங்க மேடத்தக் கேளு."

உத்திரட்டாதி

கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான்தான் சொன்னேனே, எனக்கு வாய் வராது. நாட்கள் ஓடின. கொடி வாங்குவதில் மட்டும் கொஞ்சம் தேறியிருந்தேன்.

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாமி. அவர் மகளுக்கு ஆண் குழந்தை. மகள் சரி என்றுவிட்டாள். மாமி என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஏண்டிம்மா, எங்காத்துல கொடி விழுந்தா தாயத்துல வெச்சு இடுப்புல கட்டுவோம். அதை நீ எடுத்துண்டு போயிட்டா குழந்தைக்கு நான் என்னத்தைக் கட்டறது?" நானும் என் மகளுக்கு அப்படிக் கட்டினவள்தான். அதனால் எனக்கே ஆச்சரியமாக வாய் திறந்தது. குழந்தையின் தொப்புளில் ஒட்டியிருக்கும் துண்டு அங்கேயே இருக்கும், காய்ந்து விழுந்ததும் நீங்கள் கட்டிக்கொள்ளலாம், நான் எடுத்துப்போவது வெட்டிய பிறகு குப்பைக்குப் போகிற நீளக் கொடி என்று சொன்னேன். மாமி முகம் தெளிந்துவிட்டது. இது யாருக்குப் போகும் என்று விசாரித்தார். இப்போதைக்கு ஆராய்ச்சிக்குத்தான், ஒருநாள் யாராவது ஒரு பெண்ணுக்கு மருந்தாகலாம் என்றேன்.

மாமி கண்ணை மூடி ஒரு நிமிஷம் கைகூப்பினார். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக. நான் லிப்ட் பக்கம் திரும்பியபோது பின்னாலேயே ஓடி வந்தார். "இரு இரு, பெட்டி மேல எழுதிக்கோ, உத்திரட்டாதி மூணாம் பாதம். நாளைக்கு ஒருத்திக்குக் குடுக்கறச்சே நட்சத்திரம் பொருந்தணுமோல்லியோ!"

பொட்டலமும் சீட்டும்

குமாரி அக்கா என்னை விடவில்லை. தினமும் கேட்டாள். அவளுக்கு ஒரு பயமும் இருந்தது. "யாரோ பெத்த புள்ளயோட கொடிய என் வவுத்துல வெப்பாங்களா? அப்புறம் எனுக்குப் பொறக்குற புள்ள யாரு ஜாடைல கீதுன்னு பாக்குறது?" இந்தக் கேள்வியோடு டீ நேரத்தில் சுபத்ரா மேடம் முன்னால் போய் நின்றேன். நிற்பது எனக்குக் கைவந்த கலை. மேடமே "என்ன?" என்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மேடம் என்னை உட்கார வைத்தார். பக்கத்தில் ரஹீமா அக்கா இருந்தார். ராயப்பேட்டைக்காரர், செல் வளர்க்கிற டெக்னீஷியன். மேடம் கேட்டார், "உனக்குக் குழந்தை பிறந்தப்போ உங்கம்மா என்ன குடுத்தனுப்பினாங்க?" சுக்கு, பூண்டு, புட்டு செய்யப் பால்சுறா என்றேன். "அம்மா வந்து உன் வீட்டுல இருந்தாங்களா?" இல்லை மேடம், அண்ணன் கையில் பொட்டலம் மட்டும்தான் என்றேன். "அதேதான். கொடியில இருந்து நாங்க வளர்க்கிற செல் யார் வயித்துக்குள்ளயும் போகாது. அது தன்னைச் சுத்தி இருக்கிற தண்ணியில குட்டிக் குட்டிப் பொட்டலமா விட்டுக்கிட்டே இருக்கும். எக்சோசோம்னு பேரு. அதை மட்டும் பிரிச்சு எடுத்துக் குடுக்கிறோம். அம்மா வர மாட்டா, அம்மா குடுத்த பொட்டலம் வரும். குழந்தை யார் ஜாடைன்னு உங்க குமாரி கவலைப்பட வேணாம்."

பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்று கேட்டேன். பல சாமான் இருக்கும், அதில் முக்கியம் சின்னச் சின்னச் சீட்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் என்றார். அந்தச் சீட்டு பெரும்பாலும் "இதைச் செய்" என்று சொல்லாதாம். "இதைச் செய்யாதே" என்றுதான் சொல்லுமாம். புண் ஆறும்போது உடம்பு அவசரப்பட்டுத் தழும்பு போடப் பார்க்கும். போடாதே, நிறுத்து என்று சீட்டு தடுக்கும். தழும்பு அடங்கினால் நல்ல சவ்வு வளர இடம் கிடைக்கும். இதெல்லாம் நடக்குமா என்று இப்போது எலியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மனுஷிக்கு நடக்குமா என்பது இனிமேல்தான் தெரியும் என்றார். அப்புறம் ரஹீமா அக்கா என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். செல்லெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, தண்ணீரில் நெத்திலிக் கூட்டம் போகிற மாதிரி இருந்தது. பொட்டலம் தெரியுமா என்றேன். அது இந்தக் கண்ணாடிக்கெல்லாம் மாட்டாது, அவ்வளவு சின்னது என்று சொல்லிவிட்டு, மேடம் காதில் விழுகிற மாதிரி பெருமூச்சு விட்டார்: "செய்யாத, செய்யாதன்னு சொல்லியே ஒருத்தியை நல்லாக்க முடியும்னா, எங்க மாமியார் எப்பவோ பெரிய டாக்டராயிருக்கணும் மேடம்."

எலி வீட்டு விசேஷம்

கர்ப்பப்பைச் சவ்வு கெட்டுப்போன எலிகளுக்கு அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு எலி ஒரு காலையில் குட்டி போட்டிருந்தது. ரோஸ் நிறத்தில், சுண்டு விரல் நுனி மாதிரி குட்டிகள். சுபத்ரா மேடம் எலி ரூமிலிருந்து வெளியே வந்து, கையுறையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எத்தனை வருஷம் இந்தக் கதவுக்குள் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருப்பார். மத்தியானம் கேக் வெட்டினோம். வாட்ச்மேன் துரை அண்ணனுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார், சொன்னேன். கேக்கை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "எங்க வூட்டாண்ட எலி குட்டி போட்டா பொறி வெக்கிறோம். இங்க கேக்கு வெட்டறீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

சத்தியம் பண்ணாத டாக்டர்

அதற்கப்புறமும் வெகு நாள் ஆனது. கமிட்டி, அனுமதி, இன்னொரு கமிட்டி. கடைசியில் கொஞ்சம் பெண்களுக்கு மட்டும் சோதனையாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆனது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்து, பொருந்துகிறவர்களை எடுத்துக்கொண்டார்கள். குமாரி அக்காவும் வந்தாள். மீன் வாசனை இருக்கக் கூடாது என்று சந்தனம் பூசிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேசுகிறதற்கென்று ஒரு சின்னக் குரலையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மேடம் அவளிடம் ஒரு மணி நேரம் பேசினார். ஒட்டினதை முதலில் பிரித்துவிடுவார்கள், அப்புறம் இந்த மருந்தை உள்ளே வைப்பார்கள், மறுபடியும் ஒட்டாமல் சவ்வு வளருகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள் என்று சொன்னார். பலன் கிடைக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது, சவ்வு வளர்ந்தாலும் குழந்தை தங்கும் என்று சொல்ல முடியாது, நடுவில் எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் எழுந்து போகலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் குமாரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆவும்னு சொன்ன டாக்டருங்கள நெறிய பாத்துட்டேன்டி. தெர்லன்னு சொன்ன மொத டாக்டர் இவங்கதான். இவங்கள நம்பலாம்."

ஒரு நாற்காலி

குமாரி அக்காவோடு சோதனையில் சேர்ந்த பெண்களில் தி.நகர் துணிக்கடையில் வேலை பார்க்கிற ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு மேடம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்தப் பெண் கிளம்புவதற்கு முன்னால் மேடத்தின் எதிர் நாற்காலியில் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கக் கடையில் நின்றே வேலை பார்க்கிறவள், உட்காரக் கிடைத்தால் விடமாட்டேன் என்று சிரித்தாள். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எழுந்து நின்று மேடத்திடம் சொன்னாள்: "எனக்கு ஆகலைன்னு என்னை விட்டுடாதீங்க மேடம். ஏன் ஆகலைன்னு பாருங்க. அதுக்கு எப்ப கூப்பிட்டாலும் லீவு போட்டு வருவேன்."

மஞ்சள் சேலை

மருந்து வைத்த பிறகு குமாரி அக்காவுக்கு ஸ்கேனில் சவ்வு கொஞ்சம் கனத்திருக்கிறது என்றார்கள். கொஞ்சம்தான். டேட் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். இதற்குள் ஆடி மாசம் வந்துவிட்டது. குப்பத்தில் பெரியவர்கள் கூடி, வழக்கம்போல முதல் குடம் குமாரிக்கு என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் மஞ்சள் சேலை எடுத்துக் கொடுத்தார். பால்குடத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குமாரி அக்காவைப் பார்த்தேன். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று இருந்த குடத்தையே மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள். இந்த வருஷமும் அந்தக் குடத்தைத் தூக்கி நடந்தால், இனி அவள் லேப் பக்கம் வர மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை. நான் லேபில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். இந்நேரம் மயிலாப்பூரில் மேளம் தொடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கேட்டில் துரை அண்ணன் யாரையோ மறிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் குமாரி அக்கா. மஞ்சள் சேலை. தலை நிறையப் பூ. காலில் செருப்பில்லை. குடம் இல்லை. நான் ஈரக் கையோடு ஓடினேன். என்னக்கா, ஊர்வலத்துக்குப் போகலையா என்றேன். என் தோளைப் பிடித்து, தன் பக்கம் இழுத்து, காதில் வாயை வைத்தாள். ஏலம் விடுகிற குரல் என்று கடற்கரையே சொல்லுகிற அந்தக் குரலில் அன்றைக்குக் காற்று மட்டும்தான் வந்தது. "வந்துட்ச்சுடி."

எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. டேட் விஷயத்தை நான் என் வீட்டுக்காரரிடம்கூட கண் ஜாடையில்தான் சொல்லுவேன். மெடிக்கல் ஷாப்பில் ஆண் பிள்ளை நின்றால் நாப்கின் வாங்காமல் திரும்பி வருகிறவள் நான். அப்படிப்பட்டவள், துரை அண்ணன், கூரியர் பையன், வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்க்க, மாடியைப் பார்த்துக் கத்தினேன். "மேடம்! குமாரி அக்காவுக்கு வந்துடுச்சு மேடம்! டேட் வந்துடுச்சு!" கத்தின பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னிடம் ரகசியமாகச் சொன்னதல்லவா. ஆனால் குமாரி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கத்துடி, நல்லா கத்து" என்றாள். துரை அண்ணன் சட்டென்று திரும்பி நின்று, கேட்டில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தான் உட்காருகிற ஸ்டூலைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டார்.

மேடம் படியில் ஓடி வந்தார். பின்னாலேயே ரஹீமா அக்கா. மேடத்துக்கு மூச்சு வாங்கியது. "பொட்டலம் போய்ச் சேர்ந்திருக்கும் போல" என்றார். உடனே தன்னையே அதட்டிக்கொள்கிற மாதிரி, இது முதல் படிதான், அடுத்த மாசமும் வருகிறதா என்று பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும், இதை வைத்து இப்போதே எதையும் சொல்ல முடியாது என்று அடுக்கினார். கண் மட்டும் நிறைந்துவிட்டது. இந்த நாளிலாவது வாய்விட்டுச் சந்தோஷப்படக் கூடாதா இந்த மனுஷி என்று இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, இல்லாததைச் சொல்லிவிடக் கூடாது என்கிற அந்தப் பிடிவாதம்தான் குமாரி அக்காவை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று.

ரஹீமா அக்கா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். குமாரி அக்கா மேடம் சொன்னது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, தன் பழைய குரலை எடுத்தாள். எதிர் வரிசைக் கடையெல்லாம் திரும்பிப் பார்த்தது. "காலைல மேளக்காரன் வூட்டாண்ட வந்து நின்னுட்டான் மேடம். பூ வெச்சாச்சு, கொடத்தத் தூக்கத்தான் பாக்கி. எங்க மாமியாராண்ட சொன்னேன், மொத கொடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோ அத்த, நான் வூட்டுக்குத் தூரம்னு. அது குந்திக்கினு அழுவுது மேடம், மேளக்காரனுக்கு ஒண்ணுமே புரியல!"

பஸ்ஸில் நான் இன்னமும் ஒரு ஸ்டாப்பிங் தள்ளித்தான் இறங்குகிறேன், ஆனால் அப்படி நடந்து வரும்போது எதிரே வருகிற ஆட்டோக்காரர்கள் எனக்கு வழிவிட்டு, "அன்னிக்குக் கத்துச்சே, அந்தம்மாடா" என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.